மார்கழியில் மதுரையில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? எப்போது வந்தால் நல்லது?

உண்டு, ஆனால் அது விடியலோடு முடிந்துவிடும். மார்கழியில், அதாவது டிசம்பர் நடுவிலிருந்து பொங்கலுக்கு முந்தின நாள் வரை, அதிகாலையில் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். பகலில் 30ஐத் தொடும். ஸ்வெட்டர் மூட்டை வேண்டாம். காதை மூட ஒரு துண்டோ முழுக்கைச் சட்டையோ போதும், அதையும் எட்டரை மணிக்குக் கழற்றிவிடுவீர்கள். மார்கழியின் முதல் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை மிச்சமிருக்கும் என்பதால் பையில் குடை இருக்கட்டும்.

நிதானமாக ஊர் சுற்ற வேண்டுமென்றால் சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அரையாண்டு விடுமுறை, ஜனவரி 1, வைகுண்ட ஏகாதசி, எல்லாச் சனி ஞாயிறும் நெரிசல். ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் மீனாட்சியைக் கும்பிட வருவார்கள். மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் மூன்று நாளும் அறை கிடைப்பதே கஷ்டம். ஜனவரி 2க்குப் பிறகு வரும் ஒரு திங்கள், புதன் அல்லது வியாழன்தான் சரியான நாள். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாட்கள், வரிசை நீளும்.

ஒரே நாளில் எவ்வளவு பார்க்க முடியும்?

கோயில், அதைச் சுற்றிய வீதிகள், திருமலை நாயக்கர் மகால், சாயங்காலம் தெப்பக்குளம். இவ்வளவுதான், இதற்கு மேல் அடைக்காதீர்கள். அழகர்கோவிலையும் திருப்பரங்குன்றத்தையும் கீழடி அருங்காட்சியகத்தையும் இதே நாளில் சேர்த்தால் பாதி நாள் வண்டிக்குள் கழியும். அவற்றுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

மதுரையின் நாள் நடுவில் இரண்டாக மடியும். உச்சிப் பொழுதில் கோயில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இதை மறந்து காலைச் சாப்பாட்டையும் மகாலையும் முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கோபுர வாசலில் போய் நிற்பதுதான் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு. இருட்டில் கோயில், வெளிச்சம் வந்ததும் வீதி, ஒன்பது மணிக்கு மகால், மதியம் சாப்பாடும் தூக்கமும், மாலையில் குளம், ராத்திரி இட்லி என்ற வரிசையில் போனால் ஊர் உங்களோடு ஒத்துழைக்கும்.

நாலு மணிக்கே எழுந்துதான் ஆக வேண்டுமா?

மார்கழியில் மட்டும், ஆம். இந்த மாதம் வழக்கத்தைவிட முன்னதாக, நாலு மணி வாக்கிலேயே நடை திறப்பார்கள். நேரம் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். முந்தின நாள் மாலை கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள். சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் கிடைக்கும் கோயில் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. திருவெம்பாவையும் திருப்பாவையும் காதில் விழும், கல் தரை சில்லென்றிருக்கும், பிரகாரத்தில் நடக்க இடம் இருக்கும். எட்டு மணிக்கு வந்தால் இதில் எதுவும் மிச்சமிருக்காது.

செல்போன், செருப்பு, பை எல்லாம் எங்கே வைப்பது?

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. கேமராவுக்கும் இல்லை. வாசலிலேயே பாதுகாப்பறைகள் இருக்கின்றன. அறையிலேயே வைத்துவிட்டு வருவது இன்னும் நல்லது. திரும்ப வாங்கும் வரிசை சில நாள் தரிசன வரிசையைவிட நீளம்.

எந்த வாசலில் செருப்பை விடுகிறீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும். கோயிலின் வெளிமதில் ஒரு பக்கம் 847 அடி, மறுபக்கம் 792 அடி. தெற்கு வாசலில் விட்டுவிட்டு வடக்கில் வெளியே வந்தால், சித்திரை வீதியில் அரை கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்ற வேண்டும். காலையில் அது சுகம், பதினொரு மணிக்குக் கால் சுடும். அதனால் நுழையும்போதே கோபுரத்தை நன்றாக அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பொறுத்தவரை அரைக்கால் சட்டையும் கையில்லாத ரவிக்கையும் வேண்டாம். வேட்டி, பேன்ட், புடவை, சுடிதார் எதற்கும் தடையில்லை.

உள்ளே எதிலிருந்து தொடங்குவது?

மதுரையில் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. கீழ்ப்புறம் இருக்கும் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் அந்த முறை தானாகவே அமையும். மீனாட்சி நாயக்கர் மண்டபத்தைத் தாண்டினால் பொற்றாமரைக் குளம். அங்கே தெற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். 160 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரமானது. விடியும் நேரத்தில் அதன் மேல் நிலைகளில் வெயில் பட்டுக் கீழே இறங்கி வரும். படிக்கட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். அவசரப்படுத்த யாரும் வரமாட்டார்கள்.

பிறகு கிளிக்கூடு மண்டபம், அம்மன் சந்நிதி. அங்கிருந்து சுவாமி சந்நிதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர். ஒரு குறுணி என்பது 6 படி. விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் இவருக்கு ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள், பெயரே அதனால்தான். சுவாமி சந்நிதிக்கு எதிரே கம்பத்தடி மண்டபத்தில் நேரம் ஒதுக்குங்கள். மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது, மீனாட்சியின் தலை லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனிக்காமல் வந்துவிடாதீர்கள். உள்ளே வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் தூக்கியிருப்பது இடது கால். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டிய மன்னன் வேண்ட, இறைவன் கால் மாற்றி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை.

ஆயிரங்கால் மண்டபத்தை அரியநாத முதலியார் 1569ல் கட்டினார். எண்ணினால் 985 தூண்தான் வரும். மீதி இடத்தைச் சந்நிதி எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகமாக இருப்பதால் தனிச் சீட்டு, அதிகாலையில் திறந்திருக்காது. காலையில் பார்க்க முடியாவிட்டால் மாலை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு எப்படி?

கோயிலை விட்டு வரும்போது ஏழு, ஏழரை ஆகியிருக்கும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், இன்னும் நாலு வேளைத் தீனி பாக்கி இருக்கிறது. இரண்டு இட்லி, கொஞ்சம் வெண்பொங்கல், ஒரு வடை, காபி. நல்ல கடை எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இட்லித் தட்டிலிருந்து துணியோடு கவிழ்த்து ஆவி பறக்க எடுக்கிறார்களா என்று பாருங்கள். டப்பாவில் அடுக்கி வைத்த இட்லி பத்து நிமிடத்தில் ஓரம் வறண்டுவிடும், இந்தக் குளிரில் இன்னும் சீக்கிரம்.

பெருமாள் கோயில் பொங்கல் வேண்டுமென்றால் விடியும் முன்பே கூடலழகர் கோயிலுக்குப் போங்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இது 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் மூன்று தளங்களில் அமர்ந்தும் நின்றும் கிடந்தும் காட்சி தருகிறார். ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார் பல்லாண்டு பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு. அதனால் மார்கழியில் இங்கே திருப்பாவை கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மார்கழி 27ல், கூடாரவல்லியன்று வந்தால் அக்காரவடிசல் என்னும் இனிப்புப் பொங்கல் கிடைக்கும்.

வீதிகளுக்கு ஏன் மாதப் பெயர்? எதில் நடப்பது?

கோயிலை நடுவில் வைத்து ஒன்றையொன்று சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த ஊர் இது. மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. விழா நடக்கும் மாதமே வீதிக்குப் பெயர். விழா நடக்கும் மாதம் பிற்பாடு மாறியதால் இன்று சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஒட்டாத பெயர்கள் வரும். அங்கேதான் பழைய கோட்டை இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியை நிரப்பினார். அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்கள் வீதிகளில் நின்றுவிட்டன. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண் இன்றும் அந்தப் பகுதிக்கே பெயராக இருக்கிறது.

நடக்கச் சித்திரை வீதி போதும். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்தான், வண்டி வராது. கோலம் பார்க்க வேண்டுமென்றால் ஏழரைக்குள் வடக்கு மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளுக்குள் போங்கள். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியதை இப்போதும் சில வாசல்களில் காணலாம். ஒன்பதுக்கு மேல் இருசக்கர வண்டிகள் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. 124 தூண்கள், வசந்த விழாவுக்காகக் கட்டியது. நெடுங்காலம் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இதற்குள்ளேயே இருந்தார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அதன் கிழக்கே முடிக்காமல் விட்ட ராயகோபுரம். அடிப்பகுதித் தூண்களைப் பார்த்தாலே எவ்வளவு உயரத்துக்குத் திட்டம் போட்டிருந்தார்கள் என்று புரியும்.

மகாலுக்கு எப்போது போவது?

காலை 9 மணிக்குத் திறந்ததும். கோயிலிலிருந்து தென்கிழக்கே இருபது நிமிட நடை. வழியில் பத்துத்தூண் சந்தில் நுழைந்து போங்கள். கடைகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் அந்தப் பத்துப் பெரிய தூண்களும் அரண்மனையின் மிச்சம்தான். 1636ல் கட்டிய மகாலில் இன்று நாம் பார்ப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோனார். பிறகு நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்த்தார்கள், ரொம்ப நாள் நீதிமன்றமாகவும் இருந்தது.

சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்துக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். இரும்பும் இல்லை, மர உத்தரமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும். தூணின் வழவழப்பு, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதால் வந்தது. கை வைக்காதீர்கள். பெயர் கிறுக்கியே பல தூண்களைப் பாழாக்கிவிட்டோம்; பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே பதத்தில் திரும்பப் பூசுவது எளிதல்ல.

பன்னிரண்டிலிருந்து நாலு வரை என்ன செய்வது?

சாப்பிட்டுத் தூங்குங்கள். நாலு மணிக்கு எழுந்தவர்களுக்கு அதுதான் வேண்டும், ராத்திரி பத்து வரை ஓட வேண்டியிருக்கிறது. தூக்கம் வராதவர்கள் வைகைக்கு வடக்கே, தமுக்கம் பக்கம் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. 1959ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் அரையாடைக்கு மாறியதும் மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மதிய இடைவேளையும் உண்டு, இரண்டு மணிக்கு மேல் போங்கள்.

மார்கழியில் அசைவம் கிடைக்குமா? கறிதோசை என்பது என்ன?

விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள், கடைகள் மூடுவதில்லை. கறிதோசை மூன்று அடுக்கு. அடியில் ஊத்தப்பம் போலத் தடித்த தோசை, அதன்மேல் அடித்து ஊற்றிய முட்டை, அதன்மேல் சுண்ட வதக்கிய கொத்துக்கறி. முட்டை ஈரமாக இருக்கும்போதே கறியைப் பரப்பிக் கரண்டியால் அழுத்த வேண்டும். முட்டை வெந்தபின் போட்டால் திருப்பும்போது கறி முழுக்கக் கல்லில் கொட்டும். ஒன்றே ஒரு ஆளுக்கு நிறைவு. இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு கூடவே கோலா உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். உருண்டை வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே பிட்டால் உதிர வேண்டும். ரப்பர் போல் இழுத்தால் பொட்டுக்கடலை மாவு அதிகம். மழைக்குப் பிறகு கண்மாய்கள் நிரம்பியிருக்கும் காலம் இது, அயிரை மீன் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன், முள்ளோடு சாப்பிடலாம்.

குளிர்காலத்தில் ஜிகர்தண்டா குடிக்கலாமா?

பகல் ஒன்றிலிருந்து நாலுக்குள் தாராளமாக. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஊறிய பாதாம் பிசின், மேலே பாசுந்தியோ ஐஸ்கிரீமோ. பாதாம் பிசின் எட்டு மணி நேரமாவது ஊறியிருக்க வேண்டும். நடுவில் கடினமாகக் கடிபட்டால் சரியாக ஊறவில்லை. இருட்டிய பிறகு பருத்திப்பாலுக்கு மாறிவிடுங்கள்.

பருத்திப்பால் எங்கே கிடைக்கும்? வீட்டில் செய்ய முடியுமா?

சாயங்காலம் தள்ளுவண்டிகளில், பெரிய பாத்திரத்தில் சூடாக. மாசி வீதி மூலைகளில் பாருங்கள். இந்த ஊரின் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் கிடையாது: சுக்கு தொண்டைக்கு, வெல்லம் வயிற்றுக்கு, தேங்காய் பல்லுக்கு. வண்டி அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறிப்போன பருத்திப்பால் களிபோல் இறுகிவிடும்.

வீட்டில் நாலு பேருக்குச் செய்ய, 100 கிராம் பருத்திக்கொட்டையை இரவு முழுக்க ஊறவையுங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ சாப்பிடுவதற்கென்று கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து கலந்திருக்கும், அதைத் தொடவே கூடாது. ஊறியதைத் தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய துணியில் பிழியுங்கள். சக்கையைத் திரும்ப இரண்டு முறை அரைத்துப் பிழிந்தால் மொத்தம் ஒரு லிட்டர் அளவு பால் வரும். இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பால் சூடாகும் முன்பே சேர்த்துவிடுங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் கட்டி தட்டும். சிறு தீயில் இருபது நிமிடமாவது கிண்ட வேண்டும். பச்சை வாடை போகாததற்குக் காரணம் எப்போதும் அவசரம்தான். கெட்டியானதும் 150 கிராம் வெல்லத்தையோ கருப்பட்டியையோ கரைத்து வடிகட்டி ஊற்றி, அரைக் கரண்டி சுக்குத்தூள், இரண்டு ஏலக்காய், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்குங்கள்.

சளி பிடித்தவர்கள் முள்முருங்கை அடையையும் தேடுங்கள். முள்முருங்கை, அதாவது கல்யாண முருங்கையின் இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே பொடி தூவித் தருவார்கள். பச்சை நிறமாக, பூரியைவிடத் தடிமனாக இருக்கும். ஆறினால் தோல்போல் ஆகிவிடும், நின்றே சாப்பிடுங்கள்.

தெப்பக்குளத்துக்கு எத்தனை மணிக்கு?

ஐந்து மணிக்கு அங்கே இருங்கள், ஆறு மணி வாக்கில் பொழுது சாயும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி, நடுவில் மைய மண்டபம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, தோண்டும்போது கிடைத்தவர்தான் காலையில் பார்த்த முக்குறுணி விநாயகர் என்பது ஊர் வழக்கு. கரையைச் சுற்றித் தள்ளுவண்டித் தீனி நிறைய. தெப்பத் திருவிழா தைப்பூசத்தில். மார்கழியில் வந்தால் அமைதியான குளம்தான் கிடைக்கும், உட்கார அதுவே நல்லது.

மல்லிகையும் சுங்குடியும் வாங்கலாமா?

மல்லிகை மார்கழியில் விலை பல மடங்கு ஏறும். பனியில் மொட்டுக் குறையும், கல்யாணமில்லாத மாதமாக இருந்தும் விலை இறங்காது. ஒரு முழம் வாங்கினால் போதும், முழுதாக விரியாத மொட்டாகப் பார்த்து வாங்கி வாழையிலையில் சுற்றி வையுங்கள். சுங்குடிச் சேலையில் புள்ளிகள் கையால் முடிச்சுப் போட்டதா அச்சடித்ததா என்று பார்க்கத் துணியைத் தடவுங்கள். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் சற்றே மேடாகச் சுருங்கி, ஒன்றுக்கொன்று அளவு மாறியிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருந்தால் அச்சு.

வயதானவர்கள், குழந்தைகளோடு வந்தால்?

அதிகாலைக் கோயிலை விட்டுவிடாதீர்கள், மகாலை விட்டுவிடலாம். பெரியவர்களுக்குக் கல் தரைக் குளிர் பாதத்தில் ஏறும். நடுநடுவே மண்டபங்களில் உட்கார வையுங்கள். குழந்தைகளுக்கு ஒரு சிறிய ஃபிளாஸ்க்கில் சுடுநீர் கொண்டுவாருங்கள்.

அஷ்டமி சப்பரம் என்கிறார்களே, அது எப்போது?

மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று. எல்லா உயிருக்கும் படியளக்கும் லீலையாக, சுவாமியும் அம்மனும் தனித்தனிச் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். வழியெல்லாம் அரிசி தூவுவார்கள்; கிடைத்த நாலு மணியை வீட்டு அரிசிப் பானையில் போடுவது வழக்கம். தேதி ஆண்டுதோறும் மாறும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவை எப்படி முடிப்பது?

முதலில் இட்லி, தூங்கா நகரத்தில் அது பத்து மணிக்கும் ஆவியோடு கிடைக்கும் என்றாலும் எட்டரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். மறுபடி செல்போனை அறையில் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குள் கோயிலுக்கு வாருங்கள். பள்ளியறை பூசைக்காகச் சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் சந்நிதிக்கு எடுத்துப் போவார்கள். சுவாமி சந்நிதி வாசலில் நிற்பதைவிட, அம்மன் சந்நிதிப் பக்கத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து நின்றால் பல்லக்கு வருவதை நேருக்கு நேர் பார்க்கலாம்.